அறுபத்தெட்டு மில்லிமீட்டர்

மழை நாளில் தேயிலைக் கொழுந்து வாடுவதற்கு நேரமெடுக்கும். வெயில் நாளில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலை மழை நாளில் பதினெட்டு ஆகும், சில வேளை அதற்கு மேலும் இழுக்கும். மூணுகல் தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல்மாடியில் இருபத்தாறு வருடமாக நான் பார்க்கிற வேலை இதுதான். கொழுந்தைப் பரப்பி, காற்று விட்டு, எவ்வளவு ஈரம் போயிருக்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவேன். எனக்கு இலக்கம் எழுதத் தெரியும் என்பதை நீங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

ஐயா, விசாரிக்க வந்த நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. "உமக்கு எழுத வருமெண்டால் நீரே எழுதித் தாரும்" என்று காகிதத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளி வைத்தீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. முத்துலிங்கம் அப்படிச் சொன்னான், இப்படிச் சொன்னான் என்று நாளைக்கு யாரும் திரித்துப் பேச முடியாது. எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மறைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

தொழிற்சாலைப் புத்தகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை நாளில் கொழுந்து முழுதாக வாடுமுன்னே உருட்டுகிற மெஷினுக்குப் போய்விடும், ஏனென்றால் அடுத்த லொறிக் கொழுந்து கீழே வந்து நிற்கும். வாடவில்லை என்று உண்மையை எழுதினால் மேலிடத்திலிருந்து கடிதம் வரும். ஆகவே புத்தகம் எந்த இலக்கத்தை எதிர்பார்க்கிறதோ அதை எழுதுவோம். அதிலும் ஐந்திலோ பூச்சியத்திலோ முடிகிற முழு இலக்கம் எழுதக் கூடாது. நாற்பத்தைந்து என்று எழுதினால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும், நாற்பத்தாறு என்றால் வராது. இருபத்தாறு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். இதனால் ஒருத்தருடைய கோப்பைத் தேநீர்கூடக் கசந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து எங்கள் மேல் டிவிசனைச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கள் வீடும் இருக்கிற மூன்றாம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிற்கிற மலை, மண் சரிந்து இறங்கக்கூடிய மலை என்றார்கள். லயத்து முன்வெளியில் ஒரு கம்பம் நட்டு, அதில் கண்ணாடி மாதிரி ஒரு குழாயை மாட்டினார்கள். மழைத் தண்ணீர் அதில் சேரும், பக்கத்தில் கோடு போட்டு இலக்கம் எழுதியிருக்கும். ஒரு நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். நூற்றைத் தாண்டினால் மூட்டை கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போக ஆயத்தமாக வேண்டும். நூற்றைம்பது என்றால் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு ஒரு தரமும், மழை விடாவிட்டால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வீடு ஒரு நீலப் பையும் கொடுத்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கதவோரம் தொங்கவிடச் சொன்னார்கள். தண்ணீர் இறங்காத நல்ல பை.

இனி எல்லே விளையாட்டைப் பற்றி. நீங்கள் பார்த்திருப்பீர்களோ தெரியாது, உங்கள் பக்கம் கிரிக்கெட்தான் அதிகம் என்று கேள்வி. எல்லேக்கு ஒரு மூங்கில் தடியும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். அடிக்கிறவனுக்கு மூன்று தரம் பந்து போடுவார்கள். அடித்ததும் ஓட வேண்டும். வழியில் மூன்று தரிப்பு இருக்கும். தரிப்பில் நிற்கிறவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தரிப்பை விட்டு வெளியே வந்தவன் மேல் பந்தை எறிந்து அடித்துவிட்டால் அவன் அவுட். மூன்றையும் தாண்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். எப்போது நிற்பது, எப்போது ஓடுவது என்று தெரிந்தவன்தான் எல்லேக்காரன்.

எங்கள் மோனிங் ஸ்டார் கழகம் இருபது வருடத்தில் ஏழு தரம் இறுதிப் போட்டிக்குப் போய் ஏழு தரமும் மண்ணைக் கவ்வியிருக்கிறது. ஆள் இல்லாமல் தோற்றோம் என்றால் மனம் ஆறும். ஆள் இருந்தது. நிர்வாகம்தான் இல்லை. கழகத்துக்குத் தலைவர் சிவசாமி. தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான், மண்சரிவு வந்தால் சனத்தை வெளியேற்றுகிற அனர்த்தக் குழுவுக்கும் அவர்தான். அவருடைய அக்கா மகன் நிரஞ்சன் அணித்தலைவர். அந்தப் பையன் தரிப்பில் போய் நின்றானானால் அசையமாட்டான். அவன் யோசித்துக் கால் எடுத்து வைப்பதற்குள் நமக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். ஒரு வருடம் பந்து வாங்குங்கள் என்று கெஞ்சினோம், ஜெர்சி தைத்துக் கொடுத்தார்கள். அதில் முதுகில் விளையாடுகிறவன் பெயர் இல்லை, சிவசாமியின் பெயர்.

லோஜனைக் கடைசி ஆளாக அடிக்க விடுவார்கள். லோஜன் அடித்தால் பந்து தேயிலைக்குள் விழும். அதைத் தேடி எடுப்பதற்குள் ஒருவன் சுற்றி வந்து தண்ணியும் குடித்துவிடலாம். அப்படிப்பட்டவனை வரிசையின் கடைசியில் வைத்து, அவன் தடியைத் தொடுமுன்னே ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். வெறுத்துப் போய் அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனான்.

நானும் ஆடியவன்தான். இருபது வருடத்துக்கு முன், முதல் இறுதிப் போட்டியன்று காலையில் என் பெயரை வெட்டிவிட்டுச் சிவசாமியின் தம்பி பெயரைப் போட்டார்கள். அவன் மூன்று பந்தையும் விட்டான். நான் தண்ணீர் வாளியோடு கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஒரு கிண்ணத்துக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். மூணுகல்காரன் வேறு எதில் ஜெயித்திருக்கிறான் என்று நானும் கேட்கலாம். மலைக்குக் கீழே இருக்க வேண்டாம், வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்று கல் நட்டார்கள். மாலை போட்டு, படம் எடுத்து நட்ட கல் அது. இன்னும் கல்லாகவே நிற்கிறது, அதன்மேல் சேலை காய்கிறது. எங்கே போனாலும் நாங்கள்தான் கடைசி வரிசை. மைதானத்தில் மட்டும்தான் எங்களுக்கும் அடுத்தவனுக்கும் ஒரே அளவு தூரம், ஒரே பந்து. அதில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சாப்பிடும்போதும் அதே நினைப்புத்தான். மாடியில் கொழுந்தைக் கிளறும்போதும் அதே நினைப்புத்தான். ஜீவராணிக்கு, அவள் என் மனைவி, இது பைத்தியமாகத் தெரிந்தது. அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு எல்லாம் விளங்கும். அந்த ஏழுக்கும் பிறகு வந்த எட்டாவது தரம் அது. பாலாத்துத் தோட்டத்து ஈகிள்ஸ் அணியோடு இறுதிப் போட்டி, பூண்டுலோயாப் பக்கம் வேறொரு மைதானத்தில். அன்று காலை குழாயில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு என்றே சொன்னேன். சிவசாமிக்கு வாயெல்லாம் பல். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார், சனத்தைப் பாடசாலைக்குக் கொண்டு போக வேண்டும், இந்த நிலைமையில் அணியை அனுப்ப முடியாது என்று. போனால் தோற்போம், தோற்றால் சங்கத் தேர்தலில் பேர் கெடும். மழை என்று சொல்லிப் போகாமல் இருந்தால் பேர் கெடாது. அவருடைய கணக்கு அவ்வளவுதான். ஈகிள்ஸ்காரன் ஒரு பந்துகூட ஆடாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

மலை இறங்கவில்லை. ஒரு கூடை மண்கூட விழவில்லை. இரண்டு நாள் பாடசாலை வாங்கில் படுத்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு சிவசாமியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில், என்னைக் கண்டாலே ஒரு சிரிப்பு. "மழைக்காரரு வர்றாரு, கப்பை ஒளிச்சு வையுங்கடா" என்பார்கள். கடையில் தேநீர் குடிக்கும்போது ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான், "ஒங்க வாயால வந்த நூத்திப் பன்னெண்டுதாண்ணே நம்ம கப்பைத் தின்னுச்சு." நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், ஐயா. ஐம்பத்திரண்டு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உண்மையான இலக்கத்தை எழுதியதற்காக ஒருவனை இப்படிச் செய்யலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது.

இந்த வருடம் போட்டி ஏப்ரலில் புதுவருடத்தோடு நடந்திருக்க வேண்டும். ஏப்ரலில் நடந்திருந்தால் இந்தக் காகிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன், இதைக் கவனியுங்கள். பரிசு கொடுக்க வரவேண்டிய பெரிய மனிதருக்கு நாள் ஒத்து வரவில்லை என்று நிர்வாகம் தள்ளிப்போட்டது. தள்ளித் தள்ளி ஜூன் மாதத்தில், மழைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே, தொழிற்சாலைக்கு முன்னால். இளைஞர்கள் எல்லாம் சேர்ந்து சிவசாமியை நெருக்கி, லோஜனை முதல் ஆளாக அடிக்க விட வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அவன் கடையில் லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கினான். தோளில் பையோடு அவன் ஏறி வந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தத் தரம் நிச்சயம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சிவசாமி எனக்குப் போன் எடுத்தார்.

"என்னா முத்துலிங்கம், காலையில எத்தன வரும்னு தோணுது?"

"எப்படிங்க சொல்றது. பேஞ்சு முடியணும்ல."

"நூறு தாண்டுச்சுன்னா மொத என்கிட்ட சொல்லிரு. நான் மேட்சை நிப்பாட்டிர்றேன். புரியுதா?"

புரிந்தது. அவர் குரலில் ஓர் ஆசை இருந்தது. போன தரம் போல இந்தத் தரமும் என் இலக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். மழை பெய்தால் போதும், அவர் தோற்கவும் வேண்டாம், லோஜன் ஜெயிக்கவும் வேண்டாம். நான் கும்பிடாத சாமி இல்லை. மழை நிற்கவில்லை.

காலை ஆறு மணிக்கு வெளியே போய்ப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சாக்கைத் தலையில் போட்டிருந்தேன், அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நான் யோசித்தது சனத்தைப் பற்றித்தான், இதை நீங்கள் நம்ப வேண்டும். போன தரம் நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முந்திய வருடம் ஒரு நாள் நூற்று நான்கு, அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குழாய் சும்மா பயப்படுத்துகிற குழாய் என்று முடிவுக்கு வந்தேன். அப்படி முடிவுக்கு வர ஒருவனுக்கு உரிமை உண்டு.

வாயால் மட்டும் குறைத்துச் சொல்ல முடியாது. சிவசாமி ஆள் அனுப்பிப் பார்ப்பார். அதனால் குழாயைக் கழற்றி மெதுவாகச் சாய்த்தேன். கம்பத்தின் அடியில் ஜீவராணி வைத்த டேலியாச் செடி இருந்தது, அதற்கு ஊற்றினேன். எழுபதுக்குக் கிட்ட வந்ததும் நிறுத்திப் பார்த்தேன். எழுபது முழு இலக்கம், சந்தேகம் வரும் என்று இன்னும் ஒரு சொட்டு ஊற்றினேன். அறுபத்தெட்டு. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுத் திரும்பினால் ஜீவராணி வாசலில் நிற்கிறாள்.

"என்னாங்க, தண்ணியக் கொட்டுறீங்க?"

"கழுவுறேன்."

அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கோபம் இல்லை. கண்டதைத்தான் சொன்னாள்.

பிறகு போன் எடுத்து, அறுபத்தெட்டு என்று சிவசாமியிடமும் கிராம சேவகரிடமும் சொன்னேன். "நல்லாப் பாத்தியா?" என்று சிவசாமி கேட்டார். நல்லாப் பார்த்தேன் என்றேன். ஒன்பது மணிக்கு மறுபடி பார்த்தேன், அதற்குள் இன்னும் இருபத்திரண்டு பெய்து குழாயில் தொண்ணூறு இருந்தது. தொண்ணூறு என்றே சொன்னேன். ஒன்பது மணிக்கு நான் பொய் சொல்லவில்லை. குழாயில் என்ன இருந்ததோ அதைத்தான் சொன்னேன். சிவசாமி சொல்லி ஓர் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போனான். நான் கொட்டியதையும் இதையும் கூட்டினால் நூற்றைம்பத்து மூன்று வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் கூட்டிப் பார்த்தேன்தான்.

ஒன்பதரைக்கு மழை விட்டது. பத்து மணிக்கு வெயில் வந்தது. எனக்கு அது சாமி கொடுத்த பதிலாகப் பட்டது. அடுத்த வீட்டு நாகலெட்சுமி குடத்தோடு வந்து நின்றாள். அவளுடைய மாமியார் காளியாயி இரண்டு வருடமாகப் படுக்கையில்.

"அண்ணே, எத்தன?"

"தொண்ணூறு. பயமில்ல."

"பீலித் தண்ணி செவப்பா வருதுண்ணே. மண்ணாக் கலங்குது. அன்னைக்கி வந்தவங்க அதப் பாருங்கன்னு சொன்னாங்கல்ல."

உண்மைதான். ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய எங்கள் பீலி ஒரு நாளும் கலங்கியதில்லை. கலங்கினால் மலைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம் என்று கொழும்பு அதிகாரிகள் அன்றைக்கு வைத்த பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எனக்கும் மறக்கவில்லை.

"மேல ரோட்டு வேலை நடக்குதுல்ல, அந்த மண்ணு" என்றேன்.

ரோட்டு வேலை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் நம்பினாள். நான் இலக்கம் எழுதுகிறவன், என்னை நம்பாமல் யாரை நம்புவாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்த நல்லதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணியிலிருந்து மேல் டிவிசனில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். மேட்ச் பார்க்க வாங்க, நம்ம பயலுகளுக்குக் கைதட்ட ஆள் வேணும் என்று கூப்பிட்டேன். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். இருபது வருடத்தில் எந்த மேட்சுக்கும் நான் அப்படி வீடு வீடாகப் போனதில்லை. நூற்றெண்பது பேருக்கு மேல் இறங்கி வந்தார்கள். மேட்ச் நடந்ததால்தான் நூற்றெண்பது பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். சிவசாமி மேட்சை நிறுத்தியிருந்தால் அவர்கள் எல்லாம் எங்கே இருந்திருப்பார்கள். பாடசாலையில் இருந்திருப்பார்கள் என்று சொல்லாதீர்கள், அது வேறு பேச்சு.

மேட்ச் இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஈரத்துக்குத் தொழிற்சாலைச் சாம்பலைக் கொட்டிப் பரப்பியிருந்தோம். ஈகிள்ஸ் முதலில் அடித்து ஐந்து ஓட்டம் எடுத்தது. எங்கள் முறை வந்ததும் லோஜன் முதல் பந்தையே தேயிலைக்குள் அனுப்பினான். நான் அத்தனை சத்தமாகக் கத்தியது எனக்கே தெரியவில்லை, ஜீவராணி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மெல்ல மெல்ல ஐந்துக்கு வந்தோம். நிரஞ்சன்கூட, அந்த நிரஞ்சன்கூட, ஒரு முழுச் சுற்று ஓடி வந்தான். ஆறு. நாங்கள் முன்னால். இருபது வருடத்தில் இறுதிப் போட்டியொன்றில் நாங்கள் முன்னால் நின்றது அதுதான் முதல் தரம். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. மறுபடி முறை வந்ததும் லோஜன் அடித்து ஓடி, மூன்றாவது தரிப்பில் நின்றான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய லொறியொன்று கல்லைக் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். எல்லோரும் மேலே பார்த்தார்கள். நல்ல வெயில். அந்த வெயிலில் மலை இறங்கியதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மூன்றாம் லயத்துக் கூரை கொஞ்ச தூரம் அப்படியே நகர்ந்தது, பிறகு இல்லை.

லோஜன் தரிப்பை விட்டு ஓடினான். மேலே, தேயிலைக்குள்ளால், நேராக. ஆட்டத்துக்காக அவன் ஓடவில்லை, ஆகவே அவன் அவுட் இல்லை. அவன் மேல் யாரும் பந்தும் எறியவில்லை. ஈகிள்ஸ்காரர்களும் பந்தைப் போட்டுவிட்டு அவன் பின்னால்தான் ஓடினார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதாக நான் காணவில்லை.

பதினொரு பேர். நாகலெட்சுமியும் காளியாயியும் அவர்களில் இருக்கிறார்கள். படுத்தவளை விட்டுவிட்டு வர முடியாது என்று நாகலெட்சுமி என்னிடம் சொன்னாள்தான். மற்றவர்களும் ஏதோ ஒரு காரணத்தால் இறங்கி வராதவர்கள். நான் எல்லோரையும் கூப்பிட்டேன். யாரையும் வீட்டில் இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒருவரைத் தவிர. எதையும் மறைக்கமாட்டேன் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், ஆகவே இதையும் எழுதுகிறேன். லோஜனின் மனைவி ஜெயந்தினியும் கைக்குழந்தையும் மூன்றாம் லயத்தில் கடைசி வீட்டில் இருந்தார்கள். ஒரு மணிக்கு லோஜன் தடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான், "அண்ணே, புள்ளைக்கிச் சளி. கூட்டிட்டு வரவா, இங்கயே இருக்கட்டுமா?" போன வருடம் அவள் மேட்ச் பார்க்க வந்தபோது, அடிக்கப் போகிற நேரத்திலும் அவன் அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். அரையிறுதியில் மூன்று பந்தையும் விட்டது அதனால்தான். அது எனக்கு ஞாபகம் வந்தது.

"குளிருக்குள்ள எதுக்குடா புள்ளையத் தூக்கிக்கிட்டு. வீட்டுலயே இருக்கட்டும். நீ பந்தைப் பாரு" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டினான். என் பேச்சை அவன் எப்போதும் தட்டியதில்லை. மூன்றாவது நாள்தான் அவர்களை எடுத்தார்கள். லோஜன் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். நான் தண்ணீரைக் கொட்டியது அப்போது அவனுக்குத் தெரியாது. மேட்சுக்கு வந்ததால்தான் அவர்களைப் பறிகொடுத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டிருந்தான். அவனுடைய தோளைத் தட்டி, நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

குழாயைச் சாய்த்தது நான். அறுபத்தெட்டு என்று சொன்னது நான். பீலி கலங்கியது தெரிந்தும் பயமில்லை என்று சொன்னதும் நான்தான். இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்தும் வைக்கிறேன். பதிலுக்கு ஒன்றுதான் கேட்கிறேன். போட்டிக் குழு ஆட்டத்தை ரத்து என்று எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஆறுக்கு ஐந்து, மூன்றாவது தரிப்பில் லோஜன், அவுட் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இனி, காகிதத்தைத் தந்துவிட்டு எழுந்து போகும்போது நீங்கள் வாசலில் நின்று கேட்டது. எத்தனையோ கேட்டீர்கள், எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்னேன், அதற்கு மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். மலை இறங்காது என்று நம்பியவர், இருபது வருடமாக ஒரு மேட்சுக்கும் கூட்டிப் போகாத பெண்சாதியை அன்றைக்கு ஏன் கையோடு கூட்டிக்கொண்டு போனீர், கதவோரம் தொங்கின நீலப் பையை ஏன் மேட்ச் முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தீர் என்று கேட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஜீவராணியும் அன்றைக்கு வீட்டைப் பூட்டும்போது, "நான் எதுக்குங்க?" என்று கேட்டாள். கிண்ணம் வாங்கும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். பைக்கும் அதே பதில்தான், ஐயா. கிண்ணம் கிடைத்தால் மழையில் நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு நல்ல பை வேண்டாமா. அதற்குள் இருந்த எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் வெளியே எடுத்து வைக்க எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.